எந்தத் துப்பாக்கிக்கு உரிமை? அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு திறந்த மடல்

நீதிபதிகள் ஒன்பது பேருக்கும் வணக்கம்.

நான் மேரிலாந்துல இருக்கேன், பிள்ளைங்க ஸ்கூல் போறாங்க. 2012 டிசம்பர்ல கனெக்டிகட் ஸ்டேட்டோட சாண்டி ஹூக் ஸ்கூல்ல 20 குழந்தைங்களையும் 6 பெரியவங்களையும் சுட்டுக் கொன்னதுக்கு அப்புறம்தான் எங்க ஸ்டேட் ஏஆர்-15 மாதிரி வேகமா சுடற, ராணுவ பாணி ரைஃபிளுக்குத் தடை போட்டுச்சு. அந்தத் தடைய எதிர்த்து வந்த கேஸை 2025 ஜூன்ல நீங்க எடுக்கல, ஆனா ஓரிரு வருஷத்துல இந்தக் கேள்விய கோர்ட் எடுக்கணும்னு நீதிபதி கவனா எழுதியிருக்கார், அதனாலதான் இப்பவே சொல்லிடறேன்.

துப்பாக்கியே கூடாதுன்னு நான் சொல்ல வரல. 2008 ஹெல்லர் தீர்ப்புல, வீட்டுல தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வச்சுக்கறது தனிமனுஷ உரிமைன்னீங்க, ஏத்துக்கறேன். மாசசூசெட்ஸ்ல கொடுமைக்காரனான பழைய காதலனுக்குப் பயந்து, மின் அதிர்ச்சி குடுத்து ஆளை நிறுத்தற ஸ்டன் கன் வச்சிருந்த பொண்ணு மேல கேஸ் போட்டாங்க, ஆயுத உரிமை தர்ற இரண்டாவது சட்டத்திருத்தம் வந்த காலத்துல இதெல்லாம் புழக்கத்துல இல்லையேன்னு அந்த ஸ்டேட் கோர்ட் சொல்ல, அது காரணமே ஆகாதுன்னு 2016ல நீங்க திருப்பி அனுப்பினீங்க. ரொம்ப சரி. உயிர் போகாம ஆளைத் தடுக்கற பொருளுக்குத்தான் முதல்ல பாதுகாப்பு வேணும்.

எனக்கு இடிக்கறது, ஹெல்லர்ல நீங்க சொன்ன, ஜனங்க கிட்ட பரவலா இருந்தா அதுக்குப் பாதுகாப்புங்கற அளவுகோல். மெஷின் கன்னை 1934லயே வரி, ரெஜிஸ்ட்ரேஷன்னு கட்டிப்போட்டாங்க, 1986க்கு அப்புறம் செஞ்சதை சாதாரண ஜனங்க வாங்கவே முடியாது, அதனால அது பரவல, பரவாததால தடை செல்லும். ஏஆர்-15க்கு 1994ல வந்த தடை 2004ல காலாவதி ஆச்சு, அமெரிக்க பார்லிமென்டான காங்கிரஸ் புதுப்பிக்கல, கம்பெனிங்க வித்துத் தள்ளிட்டாங்க, இப்ப கோடிக்கணக்குல இருக்கு, அதனால தொடக்கூடாதாம். அப்போ அரசியல் சட்டம் எதைக் காப்பாத்தணும்னு முடிவு பண்றது யாரு, விக்கறவங்களா?

அமெரிக்காவுல துப்பாக்கியால நடக்கற கொலைகள்ல பெரும்பாலானது கைத்துப்பாக்கியாலதான் நடக்குது, அதை மறைக்கல. ஆனா சாண்டி ஹூக்ல ஒருத்தன் அஞ்சு நிமிஷத்துக்குள்ள அந்த ரைஃபிள்ல 154 ரவுண்டு (குண்டு) சுட்டான். 2022ல டெக்சாஸ்ல இருக்கற யுவால்டி ஊர் ஸ்கூல்ல அதே மாதிரி ரைஃபிளோட ஒருத்தன் கிளாஸ்ரூமுக்குள்ள இருந்தப்போ ஆயுதம் வச்சிருந்த போலீஸே ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய நின்னாங்க, 19 குழந்தைங்களும் 2 டீச்சரும் செத்தாங்க. போலீஸையே நிறுத்தி வைக்கற ஆயுதத்த வீட்டுப் பாதுகாப்புக் கணக்குல எப்படி சேர்க்கறது?

அடுத்த கேஸ் வரும்போது எத்தனை வித்திருக்குன்னு எண்ணாதீங்க. வீட்டுக்குள்ள வர்றவனைத் தடுக்க இது தேவையா, யாராவது ஓடி வந்து பிடிக்கறதுக்குள்ள எத்தனை பேரை இது கொல்லும், இதைக் கேளுங்க. 10 ரவுண்டுக்கு மேல பிடிக்கற மேகசினையும் (துப்பாக்கியில மாட்டற குண்டுப் பெட்டி) அதே தீர்ப்புல சேர்த்துடுங்க.