வருடத்தைப் பார்க்க வேண்டாம், வண்டியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் தஞ்சாவூர் அன்பர் ஒருவர், 20 வருடம் கடந்த கார்கள் அத்தனையையும் ஒன்று விடாமல் நசுக்கி இரும்பாக்கிவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். அவற்றை வைத்திருப்பவர்கள் ஊரைப் புகையாக்கிக்கொண்டு வேகத்துக்கு அலைகிறவர்கள் என்றும் ஒரு வரி. கரும்புகை கக்கிக்கொண்டு போகும் வண்டிகளை நானும் தினம் பார்க்கிறேன், அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் போட்ட கணக்கில் என் வண்டியும் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மன்னார்குடியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வயல் மோட்டார், மாவு மில் மோட்டார், வீட்டு போர் மோட்டார் என்று 27 வருடமாகக் காயில் கட்டித்தான் பிழைப்பு. என்னிடம் இருப்பது 2002 ஆகஸ்டில் பதிவான ஹோண்டா சிட்டி விடெக். 2011-ல் 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது திருச்சியில் வாங்கினேன். இன்றைக்கு மீட்டரில் 1,91,000.

இந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1.5 லிட்டர்தான். ஆனால் நிமிடத்துக்கு 6,800 சுற்றில் 106 குதிரைத்திறன் தரும். 2003 கடைசியில் இதற்குப் பதிலாக வந்த அடுத்த சிட்டிக்கு அதே 1.5 லிட்டரில் 77 குதிரைத்திறன்தான். வித்தியாசம் வால்வில் இருக்கிறது, விடெக் என்ற பெயரே அந்த ஏற்பாட்டுக்குத்தான். மெதுவாகப் போகும்போது வால்வுகள் கொஞ்சமாகத் திறக்கும். சுற்று ஏறியதும் எஞ்சின் ஆயிலின் அழுத்தம் ஒரு சின்னப் பின்னைத் தள்ளும். பக்கத்துப் பக்கத்தில் தனியாக ஆடிக்கொண்டிருந்த ராக்கர்கள், அதாவது வால்வை அமுக்கும் நெம்புகோல்கள், ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அவற்றைத் தள்ளும் மேடுகளில் பெரியதான பெரிய கேம் வேலைக்கு வந்து வால்வை இன்னும் ஆழமாகத் திறக்கும். இதை நம்பியிருக்கிற எஞ்சினுக்கு அழுக்கு ஆயில் விஷம். ஆயில் போகும் வழியில் கொசுவலை மாதிரி சன்னமான ஒரு சல்லடை உண்டு. அது அடைத்தால் பெரிய கேம் வேலைக்கே வராது. வண்டி ஓடும், ஆனால் பாதி எஞ்சினோடு ஓடும். நான் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். 5,200 ஆனதாக என் நோட்டில் ஒரு பதிவும் கிடையாது.

நோட்டு என்று சொன்னேன். அரிசிக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நீளமான கணக்கு நோட்டு. பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கியது. தேதி, மீட்டர் அளவு, செய்த வேலை, சாமான் வாங்கிய இடம், விலை எல்லாம் அதில் இருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றியது இரண்டு தடவை. டேப்பெட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் சந்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும் விடிகாலையில் கால் மில்லிமீட்டர் அளவில் வைத்தது ஐந்து தடவை. பழைய கார் சாமான் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கு பஸ்ஸில் போய், தேடியது கிடைக்காமல் திரும்பி வந்த நாட்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.

வருடத்தைப் பார்த்து வண்டியை எடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருக்காத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஒரு மே மாத மதியம், கேட் போட்டிருந்தது, எஞ்சினை நிறுத்தினேன். நாற்பது நிமிடம். கேட் திறந்ததும் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் பஸ், லாரி, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர், எல்லோரும் ஹாரன். நாலு பேர் இறங்கி வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அந்த மாதத்தில் இப்படி மூன்று முறை.

பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கு எடுத்துப் போனேன். பேர் வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார்கள், வருடத்தைப் பார்த்தார்கள். "சார், பெட்ரோல் பம்ப் போயிருக்கும், வயரிங்கும் போயிருக்கும், இருபத்தஞ்சாயிரம் ஆகும். இந்த வண்டிக்கு அவ்வளவு போடணுமா? ஸ்கிராப்புக்குப் போட்டுட்டுப் புதுசு பாருங்களேன்" என்றார்கள். யாரும் பானெட்டைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வெயிலில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் காயவிட்டேன். பிறகு சாவியைப் பாதி திருப்பிக் காது கொடுத்தேன். நல்லபடி இருந்தால் டேஷ்போர்டுக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தமும், பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகுவதும் கேட்க வேண்டும். முனகல் இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ரிலே ஒன்று இருக்கிறது, பம்புக்குக் கரண்ட் அனுப்புவது அதுதான். கழற்றி மூடியைத் திறந்து, காயில் பார்க்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். ரிலேயின் கம்பிக்கால் வெளியே வரும் இடத்தில் ஈயத்தைச் சுற்றி முடி கனத்தில் ஒரு வட்டக் கீறல். இருபது கோடை வெயிலில் காய்ந்து ஆறி, காய்ந்து ஆறி, ஈயம் விட்டுப் போயிருக்கிறது. சூட்டில் கீறல் விரிந்தால் கரண்ட் அறும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வெயிலில் நின்றால் மட்டும் மக்கர். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் பற்ற வைத்தேன். கடையில் இருந்த ஈயம், பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு நாலு கோடை போய்விட்டது, நீடாமங்கலம் கேட்டில் எத்தனையோ முறை நின்றாயிற்று.

எங்கள் டெல்டாவில் வண்டியைக் காப்பாற்றுவது மற்ற ஊர் மாதிரி இல்லை. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போய் வந்தால் உப்புக்காற்று படிந்துவிடும், அன்றைக்கே அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் அடித்தாக வேண்டும். சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் இருக்கும் எலிக்குப் போக்கிடம் நம் ஷெட்தான். ஒரு மாசி மாதம் இன்ஜெக்டருக்குப் போகும் வயர்களை வரிசையாகக் கொறித்து வைத்திருந்தது. ஒவ்வொன்றாக ஈயம் வைத்து, மோட்டார் காயிலுக்குப் போடும் ஸ்லீவை மாட்டினேன். சாலையில் நெல் காயும் நாட்களில் வைக்கோல் அடியில் போய் சைலன்சரைச் சுற்றிக்கொள்ளும். சூட்டில் தீப்பிடிக்கும் என்பதால் அந்த மாதங்களில் இறங்கும்போதெல்லாம் குனிந்து பார்க்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது எங்கள் கொல்லைத் தென்னை ஷெட்டோடு சேர்த்து வண்டியின் முன்பக்கத்தில் விழுந்தது. பானெட்டும் இடது ஃபெண்டரும் சப்பையாகிவிட்டன. தார்ப்பாய் போட்டு மூடினேன். அடுத்த இரண்டு மாதம் அதைத் திரும்பிப் பார்க்க நேரம் இல்லை, ஊர் முழுக்க நனைந்த மோட்டார்கள் என் கடை வாசலில் கிடந்தன. தை பிறந்த பிறகு தஞ்சாவூர் டிங்கர் ஒருவர் அந்த பானெட்டைத் தட்டியே நேராக்கினார். மாற்று பானெட் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். "ஜப்பான் தகடு நல்ல தகடு, விடாதீங்கண்ணே" என்று அவர் சொன்னது இன்னொன்று.

வேகத்துக்கு அலைகிறவர்கள் என்ற வரிக்கு வருகிறேன். வருடத்துக்கு ஒருமுறை நள்ளிரவில் கிளம்பி, கும்பகோணம், சேத்தியாத்தோப்பு வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குப் போகிறேன். 1990 முதல் இயங்கும் தடம், ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, நம் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாட்கள் அங்கே உண்டு. என் மகள்தான் கூட வந்து ஒவ்வொரு சுற்று முடிவிலும் டயர் காற்றை அளந்து எழுதுவாள். முதல் தடவை போனபோது ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. நல்ல வேளை, நேர்ப்பாதையின் முடிவில் அகலமான இடம் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குமிழி வரும், குமிழி வந்தால் பெடல் இறங்கும். நம் ஊர் ஈரக்காற்றில் மூன்று வருடம் மாற்றாமல் விட்டது என் தவறு. மன்னார்குடி சாலையில் ஆண்டுக்கணக்காக ஓட்டினாலும் இது எனக்குத் தெரிய வந்திருக்காது, திடீரென்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே வரும் நாள் வரைக்கும். இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் பிரேக் ஆயில் மாற்றுகிறேன், சக்கர நட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 108 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குகிறேன். வேகம் வேண்டுமென்றால் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. நெல் காயும் சாலையில் நான் 60-ஐத் தாண்டுவதில்லை.

அரசாங்கத்திடம் எனக்குச் சண்டை இல்லை. 2017-ல் 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பித்தேன். 2022 ஏப்ரலில் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, அந்த ஆகஸ்டில் கட்டினேன். 2025-ல் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று உயர்த்தியிருக்கிறார்கள், 2027-ல் அதையும் கட்டுவேன். என் வேண்டுகோள், வாங்கும் பணத்துக்கு வண்டியை முழுசாகச் சோதியுங்கள் என்பதுதான். சென்ற முறை சேஸிஸ் எண்ணை உரசி எடுத்து, ஹாரன் அடிக்கச் சொன்னார்கள், முடிந்தது. பிரேக்கை யாரும் அளக்கவில்லை. என் வண்டிக்குப் பின்னால் நின்ற ஏழு வருட வண்டியில் டயர் மொட்டையாக இருந்தது, அதையும் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

50 வருடம் கடந்த வண்டிக்கு 2021 முதல் விண்டேஜ் என்று தனிப் பதிவு உண்டு. 20-க்கும் 50-க்கும் நடுவில் நிற்பவைக்கு ஒரு பெயரும் இல்லை. நடுவிலேயே நசுக்கிவிட்டால் 50 வயது வண்டி எங்கிருந்து வரும்? ஜப்பானிலும் 13 வருடம் தாண்டினால் வரி கூடுகிறது. ஆனால் அங்கே தனியார் காருக்கு முதல் மூன்று வருடத்துக்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை, அதில் தேறினால் ஓட்டலாம். நிசான் நிறுவனம் 2017-ல் பழைய ஸ்கைலைன் ஆர்32 ஜி.டி.ஆருக்கும், டொயோட்டா 2020-ல் பழைய சுப்ராவுக்கும் உதிரி பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கின. எனக்கு சுப்ரா வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் கதவு ரப்பரும் கிடைத்தால் போதும்.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கரும்பும் அரிசியும் அதற்குப் போகின்றன, விவசாயிக்கு ஒரு வழி என்றால் டெல்டாக்காரன் எதிர்த்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்ததில்லை. போன ஐப்பசியில் காலையில் ஷெட்டைத் திறந்ததும் பெட்ரோல் நெடி. ஃபில்டர் பக்கத்துக் குழாய் ஊறிப்போய் வியர்த்துக்கொண்டிருந்தது. குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டேன். எல்லோருக்கும் இது தெரிந்திருக்காது. மாவட்டத்துக்கு ஒரு பங்கிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோல் கிடைக்க வழி செய்ய வேண்டும், அதுவரை பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே பெட்ரோல் குழாயைத் தொட்டுப் பாருங்கள்.

2027 ஆகஸ்டில் என் வண்டியின் பதிவு முடிகிறது. உருளை வைத்த இயந்திரத்தில் ஏற்றி நாலு சக்கரத்து பிரேக்கையும் தனித்தனியாக அளக்கட்டும். புகைக்குழாயில் கருவியை விட்டுப் பார்க்கட்டும். அடியில் விளக்கு அடித்துத் துருவைத் தேடட்டும். நோட்டையும் கொண்டு வருகிறேன். தேறவில்லை என்றால் நம்பர் பிளேட்டை நானே கழற்றிக் கொடுத்துவிடுகிறேன். தஞ்சாவூர் அன்பரும் அன்றைக்கு வந்து பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் தொழிலாளி,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்