உபயத் தேதியைக் கணினி மாற்றிவிடுகிறது: பினாங்கு ஆலய நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

2025 மார்ச் 8, சனிக்கிழமை. அம்மாவின் நினைவாக அப்பா ஓர் உபயம் எடுத்திருந்தார். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, நமக்குச் சனியும் ஞாயிறும். இரண்டு பக்கத்து உறவுகளும் வர வேண்டும் என்றுதான் சனிக்கிழமையாகப் பார்த்து எழுதினார். சுங்கைப்பட்டாணியிலிருந்து சித்தப்பா குடும்பம், தைப்பிங்கிலிருந்து அத்தை, எல்லோரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். ஆலயத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. அபிஷேகப் பொருள் வாங்கவில்லை, மாலைக்குச் சொல்லவில்லை, குருக்களுக்குத் தகவலே போகவில்லை. அப்பாவின் கையில் இருந்த ரசீதில் 8/3 என்று தெளிவாக இருந்தது. குருக்கள் நல்ல மனிதர், இருந்ததை வைத்து ஓர் அர்ச்சனை செய்து கொடுத்தார்.

ஆகஸ்டு 2ஆம் தேதி மாலை அப்பாவின் கைப்பேசிக்கு ஆலயத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. நாளை உங்கள் உபயம், குடும்பத்துடன் வாருங்கள் என்று. அப்பா படித்துவிட்டுக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். ஒன்றும் பேசவில்லை.

அது எந்த ஆலயம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அலுவலகத்தில் இருக்கும் அந்தப் பிள்ளையின் தலையில்தான் பழி விழும். அவர் மேல் தவறே இல்லை. ரசீதைப் பார்த்து எக்செலில் 8/3/2025 என்றுதான் தட்டியிருக்கிறார். அந்தக் கணினி அமெரிக்க முறையில் வைக்கப்பட்டிருந்தது. அங்கே மாதம் முதலில், நாள் அப்புறம். ஆகவே அது ஆகஸ்டு 3 என்று எடுத்துக்கொண்டது. எக்செல் தேதியை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று கொண்டு எண்ணிவரும் ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளும். மார்ச் 8க்கு 45724 என்று பதிந்திருக்க வேண்டும், 45872 என்று பதிந்துவிட்டது. திரையில் 8/3/2025 என்றே தெரிந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. தேதிவாரியாக வரிசைப்படுத்தியபோது அப்பாவின் பெயர் ஆகஸ்டுக்கு இறங்கிப் போனது.

நான் பல வருடங்களாகக் கப்பல் சரக்கு அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். இந்தத் தவறை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் 1 முதல் 12 வரை உள்ள நாள்களில்தான் குழப்பம் வரும். வருடத்துக்கு 144 நாள்கள். அவற்றில் 1/1, 2/2 போன்ற பன்னிரண்டும் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். மீதி 132 நாள்கள் சத்தமில்லாமல் வேறு மாதத்துக்குப் போய்விடும். 12க்கு மேற்பட்ட நாள்களைக் கணினியால் மாதமாகப் படிக்க முடியாது, அதனால் அவற்றை வெறும் எழுத்தாக விட்டுவிடும். 2024இல் தைப்பூசம் ஜனவரி 25. 25/1/2024 என்று தட்டினால் அது கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1. 1/2/2026 என்று தட்டினால் ஜனவரி 2 ஆகி, ஒழுங்காக வலது ஓரத்தில் போய் நிற்கும். உங்கள் உபயப் பட்டியலில் சில தேதிகள் இடதுபக்கமும் சில வலதுபக்கமும் நின்றால், தயவுசெய்து அன்றைக்கே நிறுத்திச் சரிபாருங்கள்.

மாற்றுவது சிரமமில்லை. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் போய், டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன். ரீஜனல் ஃபார்மட் என்ற இடத்தில் இங்கிலிஷ் (மலேசியா) என்று தேர்ந்தெடுங்கள். திரையில் உள்ள மொழி மாறாது, தேதி போன்றவற்றைக் காட்டும் முறைதான் மாறும். எக்செலை மூடித் திறந்துவிடுங்கள். கூகுள் ஷீட்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அது கணினி சொல்வதைக் கேட்காது. ஒவ்வொரு கோப்பிலும் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸைத் திறந்து, லொக்கேலை மலேசியா என்று மாற்ற வேண்டும்.

இதைச் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். பழைய பதிவுகள் தாமாகத் திருந்தாது. ஆகஸ்டு 3 என்று உள்ளே போனது ஆகஸ்டு 3ஆகவே இருக்கும், 3/8/2025 என்று வேறு மாதிரி தெரியும், அவ்வளவுதான். ரசீதுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட வேண்டும். கடினமான வேலைதான், ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பம்.

நினைவூட்டல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாள்காட்டியில் தைப்பூசத்தைப் பதிந்து 'ஒவ்வொரு வருடமும்' என்று அழுத்திவிடுகிறார்கள். 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. நம் திருநாளும் திதியும் ஆங்கிலத் தேதியில் நிற்பவை அல்ல. வருடா வருடம் பஞ்சாங்கம் பார்த்துப் புதிதாகப் பதிவதுதான் ஒரே வழி. அந்தப் பஞ்சாங்கம் தமிழ்நாட்டில் கணித்ததென்றால் திதி தொடங்கும், முடியும் நேரத்தோடு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். நேர மண்டலம் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த மடிக்கணினி இந்திய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். அதில் மாலை 6 மணி என்று பதிந்த பூசை நம் கைப்பேசியில் இரவு 8.30 என்று வரும்.

மகா சிவராத்திரிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நமக்கு அது ஒரே இரவு. கணினிக்கு நள்ளிரவோடு நாள் மாறிவிடும். 2026 பிப்ரவரி 15 இரவு தொடங்கும் வழிபாட்டில், விடியற்காலை 1 மணிக்கு வரும் பூசையை 15ஆம் தேதி 1 மணி என்று பதிந்தால் முந்தின நாள் இரவே நினைவூட்டல் வந்துவிடும். 16 என்று பதியுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரசீதிலும் வாட்ஸ்அப் செய்தியிலும் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். கிழமையையும் சேர்த்து, '8 மார்ச் 2025, சனி' என்று. மலாயில் 'மாச்' என்று எழுதினாலும் சரி. அப்படி எழுதியதை எந்தப் பிள்ளை, எந்தக் கணினியில் தட்டினாலும் மாதம் எது என்ற சந்தேகம் வராது.

நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். நான் உபயம் எடுக்கும் ஆலயங்களில் கேட்டால் சனிக்கிழமை மாலையில் வந்து உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்துத் தருவேன். ரசீதுப் புத்தகத்தை மட்டும் எடுத்து வைத்திருங்கள்.

அன்புடன்,
ஓர் உபயக்காரரின் மகள்
பட்டர்வொர்த்