மாலத்தீவிலிருந்து மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மாலத்தீவில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்ல மனசு வரவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை. இங்கே வெள்ளியும் சனியும்தான் லீவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் அசெம்ப்ளியில் நிற்போம்.

நான் இருப்பது வடக்கே ஹா தாலு அட்டோலில், அதாவது ஒரு பவளத்தீவுக் கூட்டத்தில், ஒரு சின்னத் தீவு. திருவனந்தபுரத்திலிருந்து தலைநகர் மாலே, அங்கிருந்து ஹனிமாதூவுக்கு உள்நாட்டு விமானம், அப்புறம் படகு. இந்த நாட்டில் ஏறக்குறைய 1,200 தீவுகள் இருக்கின்றன, ஆட்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவானவற்றில்தான். எங்கள் தீவில் ஒரு கரையிலிருந்து நடக்க ஆரம்பித்தால் சாயா ஆறுவதற்குள் அடுத்த கரை வந்துவிடும். குடிக்க மழைத் தண்ணீர், வீட்டுக்கு வீடு தொட்டி. காய்கறி படகு வந்தால்தான் உண்டு. மீனுக்குக் குறைவில்லை. நம் ஊர்க் கடைகளில் வாங்கும் மாசிக்கருவாடு காலங்காலமாக இங்கே செய்வதுதான். காலையில் சூரை மீனோடு தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்து, ரொஷி என்கிற சப்பாத்தியோடு சாப்பிடுகிறார்கள். மாஸ் ஹுனி என்று பேர். உனக்குக் கட்டாயம் பிடிக்கும்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். உன்னிடம் சொல்ல ஆசைப்பட்டதே அதைத்தான். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் ஓ லெவல் என்கிற பிரிட்டிஷ் முறைப் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். ஆனால் இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால் ரயில் ஓடுகிறது, மலையிலிருந்து கல் உருள்கிறது, ஆற்றைப் படகு குறுக்கே கடக்கிறது. இந்த நாட்டில் ரயிலும் கிடையாது, மலையும் கிடையாது, ஆறும் கிடையாது. இயற்கையான மேடு என்று பார்த்தால் நாட்டிலேயே உயர்ந்தது இரண்டரை மீட்டர்கூட இல்லை. அதனால் என் வகுப்பில் ரயிலுக்குப் பதில் தோணி ஓடுகிறது, கல்லுக்குப் பதில் இளநீர் விழுகிறது. ஆறு இல்லாவிட்டால் என்ன, இரண்டு திட்டுகளுக்கு நடுவே பாய்கிற நீரோட்டம் இருக்கிறது. அதைக் குறுக்கே கடக்கப் படகை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

போன வாரம் திரவ அழுத்தம் நடத்தினேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன், வாயே திறக்கமாட்டான். அப்பா மீன்பிடிக்கிறவர். "முங்கும்போது காது எப்போது வலிக்கும்?" என்று அவனிடம் கேட்டேன். எழுந்து வந்து சாக்பீஸை வாங்கிப் பவளப்பாறைச் சுவரை மேலிருந்து கீழே வரைந்தான். வலி தொடங்குகிற இடம், மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை ஊதவேண்டிய இடம், அவன் அண்ணன் போகிற ஆழம் என்று ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டான். அந்தக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே சூத்திரத்தை எழுதினேன். பத்து மீட்டர் இறங்கினால் மேலே இருந்ததைப்போல இரண்டு மடங்கு அழுத்தம் என்று சொன்னபோது, அவன் ஆச்சரியப்படவில்லை, ஆமாம் என்று தலையாட்டினான். மற்ற பிள்ளைகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மல்லிகா, இத்தனை வருஷத்தில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்த வகுப்பு வேறு இல்லை. ஊரில் அறுபது பேருக்கு நடுவில் அவனை நான் கேட்டிருக்கவே மாட்டேன், நேரம் இருந்திருக்காது. இங்கே வகுப்புக்குப் பதினைந்து பேர்தான்.

மகள் பிரிவுதான் பாரமாக இருக்கிறது. ஊரில் என் அம்மாவிடம் நன்றாகத்தான் இருக்கிறாள். அரைமணி நேர வித்தியாசம் என்பதால் தினமும் பேசிவிடுகிறோம், ஆனாலும் சாயங்காலம் பிள்ளைகள் கடற்கரையில் விளையாடும்போது தொண்டை அடைக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் வாசலில் கயிற்று நாற்காலியில் உட்காரவைத்து, "உங்கள் பெண் உங்களைத் தேடுவாளா?" என்று கேட்டார். அவர் பேசிய திவேஹியை, இந்த ஊர் மொழியை, அவருடைய மருமகள்தான் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அவருடைய மூத்த மகன் பதினாறு வயதிலேயே ஏ லெவல் (நம் பிளஸ் டூ மாதிரி) படிக்க மாலேக்குப் போனவன். இப்போது பல தீவுகளில் மேல்வகுப்பு வந்துவிட்டது, அப்போது அப்படியில்லை. சொந்தக்காரர் வீட்டில் ஒரு மூலையில் படுத்துப் படித்தானாம். அந்த அம்மாவுக்கு நான் ஒன்றும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

நீ வரலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் உன் பையன் பத்தாவது முடிக்கட்டும், அதற்கு முன் வேண்டாம். பணத்தை மட்டும் நினைத்தும் கிளம்பாதே. சம்பளம் இந்த நாட்டுப் பணமான ருஃபியாவில் வரும், டாலர் தட்டுப்பாட்டால் வங்கி மாதத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று அளவு வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வாடகை, விமான டிக்கெட் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள். சான்றிதழ்களை இங்குள்ள தகுதி ஆணையம் பார்க்கும், அதனால் பி.எட். மதிப்பெண் பட்டியலை இப்போதே தேடி எடுத்து வை. சாமி சிலை எதுவும் பெட்டியில் வேண்டாம், வழிபாட்டுச் சிலைகள் கொண்டுவர இங்கே சட்டப்படி தடை. நான் கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன், மனசுக்கு நிறைவாகவே இருக்கிறது.

உன் ஆய்வகத்தில் எளிய ஊசல் சோதனைக்கு நீ எழுதி வைத்திருந்த செய்முறைத் தாளைப் படம் எடுத்து அனுப்பு. அடுத்த வாரம் எனக்கு அது வேண்டும். உன் அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வி