முழங்காலளவுக் குளமும் பனிக்காலத் தங்கமீனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத்தோட்டம் பற்றிச் சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரை, பின்வளவில் முழங்காலளவுக்குக் குளம் வெட்டித் தங்கமீன் விட்டால் போதும், அவை குளிரைத் தாங்கும் என்று கூறியிருந்தது. தங்கமீன் குளிரைத் தாங்கும் என்பது மெய்தான். ஆனால் அதை மட்டும் நம்பி, கனடாவின் ஒன்ராறியோ மாகாணப் பனிக்காலத்தில் மீன்களைப் பறிகொடுத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் குளத்தின் ஆழம் ஒன்றரை அடி. ஜூன் மாதத்தில் 11 மீன்கள் விட்டோம். ஒக்டோபரில் மேப்பிள் சருகுகள் குளம் நிறைய விழுந்தபோது, மீன்களுக்குப் போர்வையாகக் கிடக்கட்டும் என்று அள்ளாமல் விட்டேன். மார்ச் இறுதியில் ஐஸ் உருகியதும் கூழ்முட்டை நாற்றம் எழுந்தது. ஒரு மீன்கூட ஐசுக்குள் அகப்பட்டிருக்கவில்லை. எல்லாம் கறுத்த சருகுச் சேற்றின் மேல் நிறம் வெளிறி, வாய் பிளந்தபடி கிடந்தன. அவை குளிரில் அல்ல, மூச்சடைத்தே செத்திருக்கின்றன.

நீர் 4 பாகை செல்சியசில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும் என்பதால், ஆழமான குளத்தில் அந்த நீர் அடியில் தங்கிவிட, மேற்பரப்பு உறைந்தாலும் மீன் கீழே அசையாமல் பனிக்காலத்தைக் கழித்துவிடும். ஒன்றரை அடிக் குளத்தில் ஓரடி உறைந்தால் மிஞ்சுவது அரையடித் தண்ணீர். அதிலுள்ள ஒட்சிசனை அழுகும் சருகு தின்றுவிடுகிறது. ஐசின் மேல் பனி மூடி வெளிச்சம் மறைவதால் பாசியும் புதிதாக ஒட்சிசன் தருவதில்லை. அழுகலில் உண்டாகும் நச்சு வாயுவுக்கும் வெளியேற வழியில்லை. ஒட்சிசன் அற்றுப்போனாலும் தங்கமீன் சிலகாலம் தாக்குப்பிடிக்கும். உடலில் சேரும் லக்ரிக் அமிலத்தை அது அல்ககோலாக்கிச் செவுள் வழியே வெளியேற்றிவிடுமாம். (பனிக்காலத்தைச் சற்றே போதையில் கழிப்பது மனிதர் மட்டுமல்ல போலும்.) ஆனால் நச்சு வாயுவுக்கு அந்த வித்தை உதவாது.

ஆகவே முதலில் ஆழத்தை அளக்க வேண்டும். தங்கமீனுக்கு மூன்றடியாவது, கோய் எனும் அலங்காரக் கெண்டை மீனுக்கு நான்கடியாவது இருப்பது நல்லது. இலையுதிர்காலத்தில் குளத்தின் மேல் வலை விரித்துச் சருகைத் தடுத்து, நீர் 10 பாகைக்குக் கீழே இறங்கியதும் தீனியை நிறுத்திவிட வேண்டும். அந்தக் குளிரில் அவற்றுக்குச் செரிக்காது. வாயு வெளியேற ஐசில் ஒரு துவாரம் எப்போதும் திறந்திருக்கச் சிறிய மின்சூடாக்கி போதும். துவாரம் மூடிக்கொண்டால் சுத்தியலால் அடிக்கக் கூடாது, அந்த அதிர்வு மீன்களைத் தாக்கும். கொதிநீர் நிறைத்த சட்டியை ஐசின் மேல் வைத்தால் தானே உருகும். குளம் ஆழமில்லையென்றால் ஒக்டோபரிலேயே மீன்களைப் பேஸ்மென்ட் தொட்டிக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஊரில் குளத்து மீன் பிடித்து வளர்ந்த என் மாமனார், தங்கமீனுக்குப் பதில் விரால் விடலாமே என்றார். இம்மாகாணத்தில் உயிருள்ள விராலை வைத்திருப்பதே சட்டவிரோதம் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. திலாப்பியாவோ இலையுதிர்காலக் குளிரிலேயே செத்துவிடும்.

வீட்டில் வைக்க முடியாத மீன்களை அருகிலுள்ள ஓடையிலோ மழைநீர்க் குளத்திலோ விட்டுவிடுவோர் நம்மவரிலும் உண்டு; புண்ணியம் என்றே அதைச் செய்கிறார்கள். அப்படிக் கைவிடப்பட்ட தங்கமீன்கள் ஹமில்ரனின் கூட்ஸ் பரடைஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி நீர்த்தாவரங்களை அழிக்கின்றன. அனுமதியின்றி எந்த நீர்நிலையிலும் மீன் விடுவது இங்கே குற்றமுமாகும். வேண்டாத மீனைக் கடைக்கோ குளம் வைத்திருக்கும் இன்னொருவருக்கோ கொடுத்துவிடலாம்.

கோடை முடிவில் கடைகள் மீன்களை மலிவு விலைக்குத் தள்ளிவிடும். அதற்கு முன்னர், குளத்துக்கு வேண்டிய ஆழத்தைத் திருத்தி வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ