ஆன்சன் கதையைச் சொல்லக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

போன சனிக்கிழமை தேக்காவில், சிங்கப்பூரின் எதிர்க்கட்சி அரசியல்வாதியும் பாட்டாளிக் கட்சித் தலைவராக இருந்தவருமான ஜே.பி. ஜெயரத்தினத்தின் தேர்தல் வரலாற்றைப் பற்றிப் பேசினேன். கேட்க வந்த எல்லாருக்கும் வணக்கம். நாற்காலி பத்தாமல் சிலர் கடைசிவரை நின்றே கேட்டீர்கள். அன்றைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நன்றி சொல்ல நேரம் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமாவுக்கு. 1981இல் பிளேர் பிளேன் துறைமுகக் குடியிருப்பில் இருந்தவர் அவர். கொள்கலன் வேலைகளுக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்ன நேரம். "அடுத்து எங்கே போறதுங்கிற கவலையோடதான் வோட்டுப் போடப் போனோம்" என்றார். அப்புறம் பீரோவிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து வந்தார். 31 அக்டோபர் 1981, சனிக்கிழமை, ஆன்சன் தொகுதியின் இடைத்தேர்தல் நாள். பின்பக்கம் பென்சிலில் மூன்று வேட்பாளர்களும் வாங்கிய வாக்குகள்: 7012, 6359, 131. முதல் எண்ணுக்குக் கீழே போட்ட கோடு தாளையே கிழித்திருக்கிறது. ஆளும் மக்கள் செயல் கட்சியின் பாங் கிம் ஹின்னைவிட ஜெயரத்தினம் 653 வாக்குகள் அதிகம் வாங்கிய இரவு அது. 1968 பொதுத்தேர்தலிலிருந்து எல்லாத் தொகுதிகளையும் அந்த ஒரே கட்சி வென்றுவந்த காலம். மாமா, அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

தமிழாசிரியை அக்காவுக்கு நான் பெரிய கடன்பட்டிருக்கிறேன். என் முதல் வரைவு ஆன்சன் வெற்றியில்தான் தொடங்கியது. அதை அப்படியே அடித்துவிட்டு, "தோத்ததை முதல்ல சொல்லு" என்றார். சரி என்று திருப்பி எழுதினேன். 1972 ஃபேரர் பார்க், 1976 கம்போங் சாய் சீ, 1977 ராடின் மாஸ், 1979இலும் 1980இலும் தெலுக் பிளாங்கா. ஐந்து முறை தோற்ற பிறகுதான் ஆன்சன். கூட்டத்தில் அந்தப் பெயர்களை வாசித்தபோது பெரியவர்கள் பலர் தலையாட்டியதைப் பார்த்தேன். அக்கா சொன்னதுதான் சரி.

நூலக ஊழியர்களுக்கும் நன்றி. பழைய செய்தித்தாள் படச்சுருளை மாட்டத் தெரியாமல் நான் நின்றபோது, மூன்று நாளும் முகம் சுளிக்காமல் வந்து மாட்டிக் கொடுத்தீர்கள். 1984இல் அதே ஆன்சனில் அவர் 9,909 வாக்குகளுடன் மறுபடி வென்றதை அங்கேதான் சரிபார்த்தேன்.

வழக்கறிஞர் தம்பி இல்லாவிட்டால் 1986ஐ நான் குழப்பியிருப்பேன். கட்சிக் கணக்கைத் தவறாகக் காட்டியதாக நடந்த வழக்கில் தண்டனை பெற்று ஜெயரத்தினம் நாடாளுமன்றப் பதவியை இழந்தார். பிறகு வழக்கறிஞர் உரிமையும் பறிபோனது. 1988இல், அப்போது சிங்கப்பூருக்கு மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அவருக்குக் கடும் அநீதி நடந்ததாகச் சொல்லி, வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்ப வழிவிட்டது. ஆனால் தண்டனை அப்படியே நின்றது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். நல்லவேளை பிடித்தாய். 1988 பொதுத்தேர்தலில் ஆன்சன் என்ற தொகுதியே இல்லை.

அவர் நாடாளுமன்றத்துக்குத் திரும்பியது 1997இல். பலர் ஓர் அணியாகப் போட்டியிடும் செங் சான் குழுத்தொகுதியில் அவருடைய அணி ஏறக்குறைய 45 விழுக்காடு வாங்கித் தோற்றது. தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் அதிக வாக்கு விழுக்காடு பெற்றவர்களுக்குத் தரப்படும் இடத்தில், அவர் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினரானார். 2008இல், 82 வயதில், இன்னொரு கட்சி தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 30இல் காலமானார். இதைச் சொன்னபோது பின்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார். அம்மா, உங்களிடம் பேசுவதற்குள் கிளம்பிவிட்டீர்கள். வந்ததற்கு நன்றி.

மாமா, காலண்டர் தாளை உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.