ஞாயிறு ஒன்பது மணிக்கு வரமுடியாதவர்கள்

கொழும்பிலுள்ள தமிழ்ச் சபைகளின் போதகர்மாருக்கும், சபைக் குழுக்களில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள்.

வருடாந்தப் பொதுக்கூட்டம் என்றால் எந்தச் சபையிலும் ஒரே கவலைதான்: ஆராதனைக்கு ஆள் குறைகிறது. அதற்குக் காரணமும் ஆயத்தமாக இருக்கும். பிள்ளைகள் கனடா, அவுஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். கொரோனாவோடு ஃபோனில் ஆராதனை பார்க்கப் பழகியவர்கள் திரும்பி வரவில்லை. மிச்சம் இருக்கிற இளம் ஆட்களுக்கு ஆவிக்குரிய தாகம் இல்லை. முதல் இரண்டையும் மறுக்க முடியாது. மூன்றாவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இந்த நகரத்தில் யார் யார் வேலையில் நிற்கிறார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வெள்ளவத்தைப் புடவைக்கடைகளில் ஷட்டர் தூக்கும் பிள்ளைகள். சுப்பர் மார்க்கெட் காசாளர்கள். ஆஸ்பத்திரி அட்டெண்டன்மார், நர்ஸ்மார். முதல் நாள் இரவு ஏழு மணிக்கு ஏறி இன்னும் மாற்றாள் வராத செக்யூரிட்டிகள். ஞாயிறென்றால் விருந்தாளி வருவார்கள் என்று மற்ற நாளைவிடக் கூடுதலாகச் சமைக்கும் வீட்டு வேலைக்காரப் பெண்கள். இவர்களில் பலர் மலையகத்திலிருந்து வந்து போர்டிங்கில் தங்கியிருப்பவர்கள். ஹட்டனிலோ பதுளையிலோ ஓய்வுநாள் பாடசாலையில் வசனம் ஒப்புவித்து வளர்ந்தவர்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு உண்டு, ஆனால் ஞாயிறு கடைக்கு நல்ல வியாபாரம் உள்ள நாள், எந்த முதலாளி அன்றைக்கு லீவு கொடுப்பார்? ஓஃப் புதனிலோ வியாழனிலோ விழும். வீட்டு வேலைக்கு இருப்பவர்களுக்கோ அந்த ஒன்றரை நாளும் வீட்டு அம்மாவின் மனதைப் பொறுத்தது.

இவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது நாம் எடுக்கும் வசனம் எபிரெயர் 10:25. ‘சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்’ என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின வசனம் ‘ஒருவரையொருவர் கவனித்து’ என்று சொல்கிறது. அதை யாரும் கையில் எடுப்பதில்லை. கூடிவரச் சொன்ன இடத்தில் கிழமையும் போடவில்லை, மணியும் போடவில்லை.

முதல் மூன்று நூற்றாண்டுகளில் ஞாயிறு யாருக்கும் லீவு நாள் இல்லை. 321இல்தான் கொன்ஸ்தந்தீன் பேரரசன் ஞாயிற்றுக்கிழமை நகரத்து வேலைகளுக்கு ஓய்வு என்று சட்டம் போட்டான், அப்போதும் வயல் வேலைக்கு விலக்கு. அதற்கு முன்னே விசுவாசிகள் என்ன செய்தார்கள்? பித்தினியாவில் ஆளுநராக இருந்த இளைய பிளினி 112ஆம் ஆண்டளவில் ரோமப் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது: குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடிவிட்டுக் கலைந்துபோவார்கள், பிறகு சாப்பிடுவதற்குத் திரும்பக் கூடுவார்கள். விசாரித்தவன் நம்மவன் இல்லை, நம்மைத் தண்டிக்க வந்தவன். நம் ஆட்கள் வேலை நாளைச் சுற்றி எப்படிக் கூடினார்கள் என்று எழுதி வைத்ததும் அவனே.

துரோவாவில் பவுல் நடு இரவுவரை பேசியதும் வாரத்தின் முதல் நாள்தான். அங்கே ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்த ஐத்திகு பகல் முழுவதும் எங்கோ வேலை செய்துவிட்டு வந்த பையன் என்றுதான் எனக்குப் படுகிறது. வேதத்தில் அப்படி எழுதியில்லை, சரி. ஆனால் அவன் விழுந்ததற்குக் காரணம் ஆவிக்குரிய தாகம் இல்லாததுதான் என்று பவுலும் சொல்லவில்லை. கீழே இறங்கிப் போய் அவனைக் கட்டிப்பிடித்தார்.

அந்தக் காலம் வேறு என்பீர்கள். நம் நாட்டிலேயே 1966 முதல் 1971 வரை வார விடுமுறை பௌத்தர்களின் போயா நாட்களுக்கு மாற்றப்பட்டு, ஞாயிறு வேலை நாளாக இருந்தது. உங்கள் சபையில் எண்பது வயது தாண்டிய ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள், அப்போது எப்படிக் கோயிலுக்குப் போனோம் என்று கதை கதையாகச் சொல்வார்கள். அந்த ஐந்தாறு வருடத்தில் சபைகள் செத்துப்போகவில்லை.

இனி எங்கள் வீட்டு விஷயம். நாங்கள் இருப்பது கிருலப்பனையில், மேல்மாடி அனெக்ஸ். 2022இல் பெட்ரோல் இல்லாமல் சபை வான் ஓடாமல் நின்றபோது, எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கையிலும் இருந்த விசுவாசிகள் நடந்து வந்து எங்கள் ஹோலில் கூடினார்கள். கரண்ட் வெட்டு என்றால் மெழுகுதிரி, அவ்வளவுதான். பிறகு பெட்ரோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தது, பெட்ரோலும் வந்தது, வாகனம் வைத்திருந்தவர்கள் ஞாயிறு ஆராதனைக்குத் திரும்பினார்கள். கூட்டம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த புதன் இரவும் வாசலில் செருப்புகள் இருந்தன. வந்தவர்களுக்குப் போக வேறு சபை நேரம் கிடையாது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

இன்னும் புதன் இரவு எட்டரைக்குத்தான். கடை எட்டுக்குப் பூட்டும், வந்து சேர அரை மணித்தியாலம் வேண்டும். ஒரு பாட்டு, மெதுவாக. கீழ்வீட்டில் இருப்பவர்கள் பௌத்தர்கள், அவர்களுடைய பிள்ளைக்குப் பரீட்சை வருடம். மைக் கிடையாது. ஒரு பகுதி வாசிப்போம், யாருக்கு என்ன பட்டதோ சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். பிறகு ‘இந்தக் கிழமை எப்படி?’ என்று சுற்றிக் கேட்போம். அதுதான் நீளும். பிளேன்டீயும் கிறீம் கிராக்கரும். ரோல்ஸ், பட்டிஸ் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு, இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறு வீட்டில் வைக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

ஒரு புதன், புடவைக்கடையில் நிற்கும் ஒரு தங்கச்சி பேசாமல் இருந்தாள். கேட்டுக் கேட்டுத்தான் வந்தது: கல்லாவில் 4,800 ரூபா குறைகிறது என்று அவளுடைய சம்பளத்தில் வெட்டப் போகிறார்களாம். ஜெபம் பண்ணினோம். ஆமென் சொன்னதும், கணக்காளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அங்கிள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ‘பில் புத்தகத்தின் ஃபோட்டோ இருக்கா, மகள்?’ என்றார். இருந்தது. ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொன்றாகக் கூட்டினார். திருப்பிக் கொண்டுவந்த ஒரு சாரிக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள், பில்லை ரத்துப் பண்ணவில்லை. அவர் ஒரு துண்டில் கணக்கை அழகாக எழுதிக் கொடுக்க, அவள் மறுநாள் அதைக் கொண்டுபோய்க் காட்டினாள். வெட்டு நின்றது. ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்று கலாத்தியரில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பில் புத்தகத்தோடு கேட்டது அன்றைக்குத்தான்.

சரி, எல்லாம் நல்லாகத்தானே போகிறது, ஏன் எங்களுக்கு மடல் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. எங்களோடு வரும் இன்னொரு பிள்ளைக்குக் கல்யாணம் பேசியாயிற்று. பெயர் பதிந்திருக்கும் சபையில் அங்கத்துவக் கடிதம் கேட்கப் போனாள். ஞாயிறு வரவு இல்லையே, எப்படிக் கடிதம் தருவது என்று கேட்டார்கள். அவள் சண்டை பிடிக்கும் ஆள் இல்லை, திரும்பி வந்துவிட்டாள். ஆனால் அவளுடைய காணிக்கை உறை, தோழியின் கையில், மாதம் தவறாமல் அதே சபைக்குப் போய்க்கொண்டிருந்தது. உறைப் புத்தகத்தில் அவள் இருக்கிறாள், வரவுப் புத்தகத்தில் இல்லை. எந்தச் சபை என்று நான் எழுதப் போவதில்லை. இதை வாசிக்கும் மூன்று நான்கு குழுக்களாவது இது எங்களைத்தானோ என்று நினைத்தால் நல்லதுதான்.

கொரிந்து சபையில் நடந்தது இதற்குத் தூரமில்லை. கர்த்தருடைய பந்திக்குக் கூடும்போது வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள், மற்றவர்கள் பசியோடு நிற்பார்கள். வேலை முடிந்து பிந்தி வந்த அடிமைகளும் கூலிக்காரருமே அப்படி நின்றார்கள் என்பது வேதபண்டிதர் பலரின் விளக்கம். பிந்தி வருகிறவர்களுக்குப் பவுல் ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. முந்தி வருகிறவர்களிடம் சொன்னார்: ‘நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.’ நாம் திருவிருந்து அன்று அந்த அதிகாரத்தை வாசிக்கிறோம், பெரும்பாலும் அந்த வசனத்துக்கு முன்னமே நிறுத்திவிடுகிறோம்.

கத்தோலிக்கச் சகோதரர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது பாவமென்றால் நான் ஒவ்வொரு செவ்வாயும் பாவம் செய்கிறேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் பாருங்கள், செவ்வாய்க்கிழமை என்றால் வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் ஆட்கள் நுழைந்து ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போகிறார்கள். மூட்டை தூக்கும் நாட்டாமைமார், கடைப் பிள்ளைகள், இந்துக்கள், பௌத்தர்கள், எல்லாரும். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த கோவில் அது. ஜூன் மாதமே திருத்தித் திறந்தார்கள், செவ்வாய்க்கூட்டமும் திரும்பி வந்தது. நம்முடைய ஆலயங்களின் கேட் திங்கள் முதல் சனி வரை பூட்டியிருக்கும், திறக்க வேண்டுமென்றால் காவலாளியைத் தேட வேண்டும். பக்தி முறை வேறு என்பது எனக்கும் தெரியும், நான் கேட்பது கேட்டைப் பற்றி மட்டும்.

2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தபோது கடற்கரை நிறைய சனம். ஆனால் அந்த மனிதர் 1687இல் இலங்கைக்கு வந்தது பிச்சைக்காரர் கோலத்தில். ஒல்லாந்தர் கத்தோலிக்க ஆராதனையைத் தடை செய்திருந்ததால் இரவில், வீடுகளில், ஒளித்து ஒளித்துச் சனத்தைக் கூட்டினார். சபை வித்தியாசம் பார்க்காமல் சொல்கிறேன், இந்த நாட்டுக் கிறிஸ்தவத்தில் பாதி இரவு நேரத்து ஹோல்களில் பிழைத்தது.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரநாள் வீட்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்களை ஆராதனைக்கு வந்தவர்களாகவே பதியுங்கள். கல்யாணக் கடிதம், ஞானஸ்நானம், வாக்குரிமை எல்லாவற்றுக்கும் அது செல்லட்டும். மாதம் ஒருமுறையாவது வாரநாள் இரவில் திருவிருந்து வையுங்கள். போதகர் ஐயா வருவார், ஆனால் நாற்பது நிமிடப் பிரசங்கம் கொண்டுவர வேண்டாம். பத்து மணிக்கு முன் முடிந்தால்தான் பிள்ளைகள் பஸ் பிடித்துப் போர்டிங் கதவு பூட்டுமுன் போய்ச் சேரலாம். அதிலும் பெண்பிள்ளைகளைத் தனியே அனுப்பக் கூடாது, வாகனம் உள்ள ஒரு குடும்பம் அந்த இரவுப் பொறுப்பை எடுக்கட்டும். பெருநாள் பிரியாணிக்கு வான் ஒழுங்கு பண்ணத் தெரிந்த சபைகளுக்கு இது பெரிய வேலையில்லை. காணிக்கைப் பை சுற்ற வேண்டாம். சுற்றினால் கூட்டம் எதற்காக என்று வந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒரு பயமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கூட்டம் என்று ஆரம்பித்துத் தனிச் சபையாகப் பிரிந்துபோன கதைகள் கொழும்பில் நிறைய. உங்கள் தயக்கத்துக்கு அதுதான் காரணம் என்றால் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரிந்துபோனவை பெரும்பாலும் குழுவிலிருந்து யாருமே எட்டிப் பார்க்காத கூட்டங்கள். வந்து உட்காருங்கள், நடத்த வேண்டாம். கதிரையில் இடமில்லாவிட்டால் பாயில்.

ஞாயிறு வேலைக்குப் போகும் தம்பி தங்கச்சிமார் யாராவது இதை வாசித்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. கவுன்டருக்கு அடியில் சின்ன புதிய ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் இல்லாத நேரம் அரைப் பக்கம் வாசிக்கிறீர்களே, வோர்டில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது வாய்க்குள் ஜெபம் பண்ணுகிறீர்களே, அதை யாரும் வரவுப் புத்தகத்தில் பதியாததால் குறைவாக நினைக்காதீர்கள். பின்மாற்றக்காரர் என்று யாராவது சொன்னால் வாங்கி மனதில் வைக்காதீர்கள். ஆனால் தனியாகவும் இருந்துவிடாதீர்கள். உங்கள் போர்டிங்கில் இன்னொரு விசுவாசி இருந்தால் இரண்டு பேராயிற்று, தொடங்கலாம்.

குழுவுக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ‘வேறு விடயங்கள்’ என்பதற்குள் போடாதீர்கள், அது வரும்போது எல்லாரும் வீட்டுக்குப் போக எழும்பியிருப்பார்கள். மேலே போடுங்கள். அதற்கு முன் யாராவது ஒருவர் ஒரு புதன் இரவு எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் இன்னும் நல்லது. வீடு எது என்று கிருலப்பனைப் பக்கத்துச் சபை ஆட்களைக் கேட்டால் காட்டுவார்கள். கீழ் கேட்டில் மணி வேலை செய்யாது, கூப்பிடுங்கள், யாராவது இறங்கி வருவோம்.

இப்படிக்கு,
கிருலப்பனையிலிருந்து ஒரு சபை அங்கத்தவர்