நீ கேட்ட வரிசை

கிளிநொச்சி,
தை, 2026.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். உன் நலமறிய ஆவல். காலபோக வயல் கதிர் தள்ளி நிற்கிறது. அப்பா காலையும் பின்னேரமும் வாய்க்காலடியிலேயே நிற்கிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "அம்மா, போன வருசம் விளையாடின வீடியோ விளையாட்டுகளுக்குள்ள எது முதலாவது, வரிசைப்படுத்திச் சொல்லுங்கோ" என்று கேட்டாய். நான் உடனே பதில் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்து விடைத்தாள் திருத்தியவள் நான். காரணம் எழுதாமல் புள்ளி போட எனக்கு மனம் வராது. தொலைபேசியில் காரணம் சொல்ல நேரமும் போதாது. அதனால் எழுதுகிறேன்.

2025 பொங்கலுக்கு வந்த நீ, திரும்பிப் போகும்போது உன் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை என் கையில் தந்து, பொழுது போகாத நேரத்தில் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். சிறிய எழுத்து கண்ணுக்குப் பிடிபடாத நாட்களில் தொலைக்காட்சியோடு இணைத்துக்கொள்வேன். வருடம் முடிய எண்ணிப் பார்த்தபோது பதினொரு விளையாட்டுகளைத் தொட்டிருந்தேன். அவற்றுள் ஐந்தைத்தான் வரிசைக்கு எடுக்கிறேன். வெளிவந்த ஆண்டை நான் பார்க்கவில்லை; என் கைக்கு வந்த ஆண்டே கணக்கு. செப்டெம்பரில் எல்லோரும் கொண்டாடிய சில்க்சோங் என்ற விளையாட்டைச் சின்னம்மாவின் மகன் விளையாடக் கூட இருந்து பார்த்தேன். மிக அழகான வேலைப்பாடு, ஆனால் என் விரல்களுக்கு அந்த வேகம் கிடையாது. நான் எழுதாத தாளுக்கு நான் புள்ளி போட முடியாது.

நாலாம் இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால், வயலும் தோட்டமுமாக வாழும் நாங்கள் ஸ்டார்டியூ வாலி என்ற தோட்டம் செய்யும் விளையாட்டைத்தான் முதலாவதாக வைப்போம் என்று நீ நினைத்திருப்பாய். எரிக் பரோன் என்பவர் நாலரை ஆண்டுகள் தனி ஒருவராக இருந்து, படம், இசை, கதை, நிரல் அனைத்தையும் தானே செய்து 2016 பெப்ரவரியில் வெளியிட்டது அது. அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். சாகக் கிடக்கும் தாத்தா கொடுத்த கடிதத்தைப் பேரப்பிள்ளை வருடங்கள் கழித்துத் திறந்து பார்த்து, கைவிடப்பட்ட காணிக்குத் திரும்பி வரும் தொடக்கம் என்னை அப்படியே இருத்திவிட்டது. பற்றைக் காடாய்க் கிடக்கும் வளவுக்குள் முதல் நாள் கத்தியும் மண்வெட்டியுமாக இறங்குவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும்.

ஆனால் அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இரண்டு இரவு பார்த்தார். மூன்றாம் இரவு ஒரு கேள்வி கேட்டார்: "எவ்வளவு போட்டாலும் விலை குறையாதோ?" குறையாது, மகள். விளைந்ததைக் கொண்டுபோய் வாசலில் உள்ள பெட்டிக்குள் போட்டால், பத்துக் கிழங்கானாலும் ஆயிரம் கிழங்கானாலும், மறுநாள் காலை அதே விலைக்குக் காசு வந்திருக்கும். தண்ணீரும் அப்படித்தான், குளத்தில் எத்தனை தரம் மொண்டாலும் அது வற்றாது. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்துத் தீர்மானிக்கும் ஊரில், அறுவடை நேரம் வந்தாலே நெல் விலை இறங்கிவிடும் ஊரில், ஒரு கமக்காரனின் மனம் முதலில் போவது அந்த இரண்டு இடத்துக்கும்தான். வெருளி கட்டினால் காகம் வராது, நாலு நாளில் கிழங்கு முற்றிவிடும், இருபத்தெட்டு நாளில் ஒரு பருவம் முடிந்துவிடும்; இவை விளையாட்டின் சுருக்கங்கள், அவற்றை நான் குறையாகக் கொள்ளவில்லை. விளைவிப்பது எளிது, விற்பதுதான் கடினம் என்ற உண்மை அதற்குள் இல்லாததே எனக்குக் குறை. ஆனாலும் மனம் பாரமாய் இருந்த இரவுகளில் நான் திறந்தது அதைத்தான்.

ஐந்தாவது பலாட்ரோ. சீட்டாட்டம் என்றதும் அப்பாவின் முகம் சுருங்கியது. அதில் காசு வைக்கும் பேச்சே இல்லை. போக்கர் ஆட்டத்தின் சீட்டுச் சேர்க்கைகளைப் புள்ளிகளாக மாற்றும் பெருக்கற் கணக்குத்தான் அது முழுவதும். ஐரோப்பாவில் வயதுத் தரம் இடுபவர்களும் 18 என்று வைத்திருந்ததை 2025 பெப்ரவரியில் 12 ஆகக் குறைத்தார்கள். நூற்றைம்பது ஜோக்கர்கள், ஒவ்வொன்றும் ஒரு விதி. கணக்குத் தெரிந்தவருக்கு அது நல்ல விருந்து. ஆனால் 304 என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவளுக்கு அதில் ஒன்று குறைகிறது. யாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது என்று எண்ணிக்கொண்டே எதிரில் இருக்கும் சோடியின் கண்ணைப் பார்த்து அவர் கையில் என்ன இருக்கிறது என்று கணிப்பதுதான் எங்களுக்குச் சீட்டு. பலாட்ரோவில் எதிரே யாரும் இல்லை.

மூன்றாவதைப் பற்றி நீ என்னோடு வாதாடுவாய் என்று தெரியும். கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33, பிரான்சின் மொன்பெலியே நகரில் உள்ள சான்ட்ஃபோல் என்ற சிறிய குழு செய்து 2025 ஏப்ரலில் வெளிவந்தது, டிசெம்பரில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதையும் பெற்றது. அதன் முதல் ஒரு மணி நேரத்துக்கு இணையாகச் சென்ற ஆண்டு நான் வேறு எதையும் பார்க்கவில்லை. கடலுக்கு அப்பால் ஒரு பெரிய தூணில் ஓவியக்காரி ஒருத்தி ஆண்டுக்கு ஒருமுறை ஓர் எண்ணை எழுதுகிறாள். எண் ஆண்டுதோறும் ஒவ்வொன்றாகக் குறைகிறது. அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் அந்தக் கணமே பூவிதழ்களாய்ச் சிதறி இல்லாமற் போகிறார்கள். அன்று நகரம் முழுவதும் துறைமுகத்துக்கு வருகிறது. போகிறவர்கள் பூச்சூடி நிற்கிறார்கள். இருப்பவர்கள் அவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பிடித்த கை பிடித்தபடியே வெறுங்கையாகிவிடுகிறது.

அந்த இடத்தில் நான் விளையாட்டை நிறுத்திவிட்டேன். நாலு நாள் திறக்கவில்லை. எங்கள் கந்தசுவாமி கோயிலடியில், 2017 பெப்ரவரி 20 தொடங்கி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் இருக்கிறார்கள். சந்தைக்குப் போகும் வழியில் எத்தனை தரம் அவர்களோடு இருந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அந்தக் கதையில் யார், எந்த நாள் என்பது முன்கூட்டியே தூணில் எழுதப்படுகிறது. விடைபெற ஒரு துறைமுகமும், கழுத்தில் இட ஒரு மாலையும் கிடைக்கின்றன. இந்தத் தாய்மாருக்கு அந்த எண்ணையாவது யாரும் எழுதிக் காட்டவில்லை. பிரான்சில் இருந்து எழுதியவர்கள் எங்களை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் எங்கள் துக்கத்தின் வாசல் வரைக்கும் வந்திருக்கிறார்கள் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

பிறகு ஏன் மூன்றாமிடம்? சண்டை. முறை வைத்து அடிக்கும் சண்டை என்றாலும், எதிரியின் அடி விழும் அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தித் தடுக்க வேண்டும். மிக இலகுவான நிலையில் வைத்தும், பெரிய எதிரிகளிடம் சின்னம்மாவின் மகனின் கையில் கொடுத்துவிட்டு நான் விறாந்தையில் போய் நின்றேன். முக்கியமான இடங்களில் இன்னொருவர் கைக்கு மாற்றிய விளையாட்டை என்னுடைய முதலாவது என்று சொல்ல நேர்மை இடம்தரவில்லை. கதைக்கு மட்டும் புள்ளி போடச் சொன்னால் நிறையப் போடுவேன்.

இரண்டாவது புளூ பிரின்ஸ். இதற்காக மூன்று சீஆர் கொப்பிகளை நிரப்பியிருக்கிறேன். நீ வரும்போது காட்டுவேன். பெரிய தாத்தா ஒருவர் தன் மாளிகையைப் பேரனுக்கு எழுதி வைக்கிறார், ஒரு நிபந்தனையோடு: நாற்பத்தைந்து அறைகள் உள்ள அந்த வீட்டின் நாற்பத்தாறாவது அறையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து நிரல், ஒன்பது நிரை. ஒவ்வொரு கதவடியிலும் மூன்று அறைகளின் வரைபடம் நீட்டப்படும். ஒன்றைத் தெரிவுசெய்து வைத்தால்தான் அடுத்த அறை உண்டாகும். தொடங்கும்போது ஐம்பது காலடிதான் கையிருப்பு. அறைக்கு அறை ஒன்று குறையும். இரவானால் வீடு முழுவதும் கலைந்து, மறுநாள் காலை வெறும் கட்டமாகிவிடும். கலையாமல் மிஞ்சுவது அநேகமாக நீ கண்டறிந்தது மட்டும்தான். அதனால்தான் கொப்பி.

வரவேற்பறையில் மூன்று பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு கூற்று. ஒரு பெட்டியாவது உண்மை சொல்லும், ஒரு பெட்டியாவது பொய் சொல்லும், ஒன்றில் மட்டும்தான் பரிசு இருக்கும். ஒரு சனிக்கிழமை அதில் ஒன்றை வீட்டுக்குப் படிக்க வரும் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை எழும்பி வந்து, "ரீச்சர், நீலப் பெட்டி உண்மை எண்டு எடுத்தா மற்ற ரெண்டும் உண்மையாகுது, அப்ப பிழை" என்று சொல்லி, சோக்கை வாங்கி அந்தக் கூற்றின் மேல் கோடு கீறினாள். முரண்பாட்டால் நிறுவும் முறையை நான் இத்தனை வருடம் படிப்பித்திருக்கிறேன். ஒரு பிள்ளை அதைத் தானாகவே பிடித்துக்கொண்டதை அன்றுதான் அவ்வளவு கிட்ட நின்று பார்த்தேன். டொண்டா ரோஸ் என்பவர் எட்டு ஆண்டுகள் செலவழித்து உருவாக்கிய அந்த வீட்டுக்கு, அந்தப் பிள்ளை வைத்த கோட்டுக்காகவே நன்றி சொல்வேன். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகும், வேண்டிய அறை கைக்கு வராமல் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. விடை தெரிந்த பிள்ளைக்கு வினாத்தாள் கொடுக்காமல் இருத்தி வைப்பது போன்றது அது. அதனால்தான் இரண்டாமிடம்.

முதலாவது அன்பேக்கிங். அவுஸ்திரேலியாவின் விச் பீம் குழுவினர் 2021 நவம்பரில் வெளியிட்ட, நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய விளையாட்டு. ஒரு பெண், 1997 முதல் 2018 வரை, எட்டு வீடுமாற்றம். எங்களுக்கு அவளுடைய முகமே காட்டப்படுவதில்லை. பெட்டியைத் திறந்து சாமானை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். பொருள் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால், பெட்டியெல்லாம் காலியான பிறகு சிவப்புக் கோடு காட்டும். கோப்பையை மேசையில் வைத்தால் ஒரு சத்தம், தரையில் வைத்தால் வேறு சத்தம்.

அந்த ஆண்டுகளைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. 1997 இல் அவள் தன் சின்ன அறைக்குள் பொம்மைகளை அடுக்குகிறாள். நாங்கள் முந்திய ஆண்டு போரால் கிளிநொச்சியை விட்டு வந்து, உன்னைத் தூக்கிக்கொண்டு, மல்லாவியில் ஒரு மரத்துக்குக் கீழ்க் கொட்டில் போட்டிருந்தோம். அவளுக்குக் காலப்போக்கில் பெட்டிகள் கூடிக்கொண்டு போகின்றன. எங்களுக்குக் குறைந்துகொண்டு போயின. 2008 இல் தருமபுரத்தில் உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சாமான் இறக்கினோம். விசுவமடுவில் தையல் மெசினைப் புதைத்தோம். மாத்தளனில் அவிழ்ப்பதற்கு எங்களிடம் இரண்டு பைகள்தான் இருந்தன. அதில் ஒன்று உன் பள்ளிக்கூடப் பை; அதற்குள் பொலித்தீனில் சுற்றிய காணி உறுதி, உன் பிறப்புச் சான்றிதழ், என் பட்டச் சான்றிதழ்.

2010 இல் அந்தப் பெண் ஒருவனோடு சேர்ந்து வாழ அவன் வீட்டுக்கு வருகிறாள். பெட்டிக்குள் அவளுடைய பட்டச் சான்றிதழ் சட்டம் போட்டபடி இருக்கிறது. அதை மாட்டுவதற்கு நான் முக்கால் மணி நேரம் முயன்றேன். அவனுடைய படங்களை அங்குமிங்கும் நகர்த்தினேன், குசினிச் சுவரில் வைத்துப் பார்த்தேன், குளியலறையிலும் வைத்துப் பார்த்தேன். எல்லா இடமும் சிவப்பு. கடைசியில் கட்டிலுக்குக் கீழே தள்ளியதும் கோடு மறைந்தது. ஒரு வசனம்கூட இல்லாமல், அந்த வீடு அவளுக்கு நிலைக்காது என்பதை என் கையாலேயே செய்வித்துத் தெரியவைத்துவிட்டார்கள்.

அதே 2010 இல்தான் நாங்களும் செட்டிகுளம் முகாமில் இருந்து திரும்பி வந்தோம். உனக்குப் பதினைந்து வயது, உனக்கு ஞாபகம் இருக்கும். தறப்பாள் கொட்டிலுக்குச் சுவரே இல்லை. மழையும் கறையானும் படாமல் இருக்க, நிவாரணத்துக்குத் தந்த மூடி வாளியில், அரிசிக்குள் என் பட்டச் சான்றிதழைப் புதைத்து வைத்தேன். சோறு ஆக்க அரிசி அள்ளும் ஒவ்வொரு நேரமும் பொலித்தீன் விரலில் படும். எனக்குச் சுவர் இல்லாமல் இடம் இல்லை. அவளுக்குச் சுவர்கள் இருந்தும் இடம் இல்லை. இரண்டும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தை அந்தச் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் இருந்துதான் முதன்முதல் யோசித்தேன். முதலிடத்துக்கு இதைவிட வேறு காரணம் எனக்கு வேண்டியதில்லை.

இப்போது என் சான்றிதழ் முன்னறையில், உன் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. ஓரத்தில் அரிசித் தூள் பிடித்த பழுப்பு இன்னும் போகவில்லை.

நேரம் கிடைக்கும்போது 2010 ஆம் ஆண்டு வீட்டை ஒருமுறை திறந்து விளையாடு. நீ முதலில் அந்தச் சான்றிதழை எங்கே வைக்கப் பார்த்தாய் என்று மறக்காமல் எனக்கு எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா.